அப்துல்லா இப்னு சலாம்: வினா எழுப்பியவரும் வினா நூலும்

தமிழில் முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமிய இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டது 'ஆயிரமசலா' என்பது ஆராய்ச்சியாளர் பொதுவாக ஏற்றுக்கொண்ட முடிபாகும். 'அதிசய புராணம்' என்ற மறுபெயரும் அதற்குண்டு. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றி 1572 ஆம் ஆண்டு மதுரையிலே அரங்கேற்றிய அந்நூல், யூத அறிஞர் ஒருவர் நபிகளிடம் எழுப்பிய வினாக்களையும் பெற்ற விடைகளையும் பொருளாகக் கொண்டது. 'மசலா' என்பது வினாவைக் குறிக்கும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். வினாக்களை எழுப்புபவர் அப்துல்லா இப்னு சலாம். அவர் புலவர் படைத்துக்கொண்ட பாத்திரமல்லர்; ஏழாம் நூற்றாண்டில் மதீனாவில் வாழ்ந்து, நபித்தோழர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டு, ஹிஜ்ரி 43 இல், அதாவது கி.பி. 663-664 இல், அந்நகரிலேயே இறந்த வரலாற்று மாந்தர்.

ஒரு மனிதரின் வாழ்க்கை ஒரு நூலாக மாறும்பொழுது எது எஞ்சுகிறது, எது கழிந்துவிடுகிறது என்பது இலக்கிய வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டிய கேள்வி. கழிந்தது ஏன் கழிந்தது என்பது அதனிலும் முக்கியமான கேள்வி. இப்னு சலாமைப் பொறுத்தவரையில் இக்கேள்விகள் ஏட்டளவில் நின்றுவிடுவனவல்ல. வன்னியிலிருந்து இதனை எழுதுபவனுக்கு அவை 1990 ஆம் ஆண்டு வரை நீளும் கேள்விகளாகும்.

முதலில் அவர் வாழ்ந்த சமூகத்தை நோக்குவோம். பின்னர் மதீனா எனப் பெயர் பெற்ற யத்ரிப், மக்காவைப் போன்று வணிகச் சாத்துக்களை நம்பி வாழ்ந்த நகரன்று. அது பேரீச்சந் தோட்டங்களும் சிறு கோட்டைவீடுகளும் கிணறுகளும் கொண்ட பாலைவனச் சோலை. அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு அரபுக் குலங்களும், நழீர், குறைழா, கைனுகா என்னும் யூதக் குலங்களும் அங்கு வாழ்ந்தன. விளைநிலமும் நீரும் குறைவு. அவற்றுக்கான போட்டியோ தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. ஏறத்தாழ 617 இல் நடைபெற்ற புஆஸ் போர் அப்போட்டியின் உச்சம். அரபுக் குலம் எதிர் யூதக் குலம் என்று அப்போரில் அணிகள் பிரியவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அவ்ஸுடன் சில யூதக் குலங்களும் கஸ்ரஜுடன் வேறு சிலவும் நட்புறவு பூண்டிருந்தன. குல உறவும் கூட்டணியுமே அச்சமூகத்தை இயக்கிய விசைகள். சமய வேறுபாடு அரசியல் வேறுபாடாக இறுகியது பின்னர் நிகழ்ந்த மாற்றம். மதங்களை என்றென்றும் பகைத்து நிற்கும் கூட்டங்களாகக் காணும் பழக்கத்துக்கு ஆட்பட்டோர் யத்ரிபின் வரலாற்றை ஒருமுறையேனும் ஊன்றிப் படித்தல் வேண்டும்.

இப்னு சலாம் கைனுகா குலத்தைச் சார்ந்தவர் என்றே பெரும்பாலான மரபுகள் கூறுகின்றன. இயற்பெயர் அல்-ஹுஸைன். தோராவைக் கற்றுத் தேர்ந்தவர். கைனுகா குலத்தாருக்கு விளைநிலம் இருக்கவில்லை. அவர்கள் பொற்கொல்லரும் சந்தை வணிகருமாவர் என்பது நூல்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் செய்தி. ஆயின் நபிகள் குபாவை வந்தடைந்தார் என்ற செய்தி எட்டியபொழுது இப்னு சலாம் ஒரு பேரீச்ச மரத்தின் உச்சியில் வேலையில் ஈடுபட்டிருந்தார் என இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு கூறுகிறது. கீழே அவருடைய அத்தை காலிதா அமர்ந்திருந்தார். மரத்தின் மேலிருந்து மருமகன் எழுப்பிய மகிழ்ச்சிக் குரலைக் கேட்ட அவர், மோசேயே வந்துவிட்டார் என்றாலும் நீ இவ்வளவு ஆரவாரம் செய்யமாட்டாய் என்ற பொருள்படக் கடிந்துகொண்டாராம். செய்தியின் நம்பகத்தன்மை எவ்வாறாயினும், அதனுள் ஒரு சமூக உண்மை உறைந்துள்ளது. வேதம் கற்ற அறிஞரும் மரமேறும் உழைப்பாளியும் அங்கு ஒரே மனிதராக இருந்துள்ளனர். ஒரு குலத்தை ஒரு தொழிலுக்குள் அடக்கிவிடும் எளிய பொதுமைப்படுத்தலை இத்தகைய சிறு செய்திகளே தடுத்து நிறுத்துகின்றன.

அவர் இஸ்லாத்தை ஏற்ற காலம் பற்றி இரு மரபுகள் உள. நபிகள் மதீனா வந்த 622 ஆம் ஆண்டிலேயே ஏற்றார் என்பது பெருவழக்கு. ஹிஜ்ரி 8 இல், அதாவது 629-630 இல், ஏற்றார் என்பது மற்றையது. ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் இதனையே கூடுதலாக நம்பினர். முற்பட்ட மரபின்படி அவர் நபிகளிடம் மூன்று வினாக்களை மட்டுமே எழுப்பினார்: இறுதி நாளின் முதல் அடையாளம் யாது, சுவர்க்கவாசிகள் உண்ணும் முதல் உணவு யாது, குழந்தை தந்தையையோ தாயையோ ஒத்திருப்பது ஏன்? ஆயிரம் வினாக்களுக்கு வித்து இம்மூன்றுமே.

வினாக்களைத் தொடர்ந்து வரும் நிகழ்ச்சியே அவர் வாழ்வின் மையம் எனக் கருதுகிறேன். புகாரியின் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. தாம் மாறியதைத் தம்மவர் அறியுமுன் தம்மைப் பற்றி அவர்களிடமே கேட்குமாறு இப்னு சலாம் நபிகளை வேண்டுகிறார்; பின்னர் மறைவாக நின்றுகொள்கிறார். வந்தோரிடம் அவரைப் பற்றிக் கேட்கப்படுகிறது. அவர் எங்களுள் மிகச் சிறந்தவர், மிகச் சிறந்தவரின் மைந்தர் என்கின்றனர். அவர் வெளியே வந்து தம் நம்பிக்கையைக் கூறியதும், எங்களுள் மிகக் கெட்டவர் என்று அதே நாவினால் மொழிகின்றனர். இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் சில கணங்களே கழிந்துள்ளன. மனிதர் மாறவில்லை, அவரது அறிவோ ஒழுக்கமோ குன்றவில்லை. மாறியது ஒன்றே: அவர் எந்தக் கூட்டத்தின் கணக்கில் வருகிறார் என்பது.

இக்கதையை வென்றவர்களின் தரப்பு கூறுகிறது என்பதை மறந்துவிடலாகாது. யூதரை நிலையில்லா நாவினராகக் காட்டும் நோக்கம் அதில் வெளிப்படை. அந்நோக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது வரலாற்றாசிரியனின் பணியன்று. எனினும் கூட்டத்தின் மதிப்பீடு எவ்விதம் தொழிற்படுகிறது என்பதை அது துல்லியமாகக் காட்டுகிறது. எந்த இனத்துக்கும் எந்தச் சமயத்துக்கும் இது பொருந்தும். தம்மவர் என்ற வட்டத்தினுள் நிற்கும்வரை ஒருவரது குணங்கள் கூட்டத்தின் சொத்து. வட்டத்தைத் தாண்டியதும் அதே குணங்கள் குற்றங்களாகிவிடுகின்றன.

மதீனாவின் ஆரம்ப உடன்படிக்கை யூதரையும் உள்ளடக்கியது; அவரவர் சமயம் அவரவர்க்கு என்ற ஏற்பாடு அதில் இருந்தது. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 624 இல் கைனுகா குலத்தினர் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 625 இல் நழீர் குலத்தினர் வெளியேறினர். 627 இல் குறைழா குலத்தின் ஆடவர் கொல்லப்பட்டனர். புதிதாக உருவாகிக்கொண்டிருந்த அரசு, மக்காவுடன் போரில் ஈடுபட்டிருந்த நிலையில், பழைய குலக் கூட்டணிகளை உடைத்துத் தனது அதிகாரத்தை நிலைநாட்டிய நடைமுறை அது. வெளியேற்றப்பட்டோர் விட்டுச்சென்ற நிலங்களும் கருவிகளும் புதிய சமூகத்தின் பொருளாதார அடித்தளத்தில் சேர்ந்தன. இவற்றைச் சமய வெறி என்ற ஒற்றைச் சொல்லால் விளக்க முனைவது எவ்வளவு தவறோ, இறைவனின் ஏற்பாடு என்று கூறி அப்பால் செல்வதும் அவ்வளவு தவறு. கைனுகா குலத்தவரான இப்னு சலாம் மதீனாவில் வாழ்ந்து மதீனாவிலேயே இறந்தார். அவரது குலம் அந்நகரில் இல்லாது போயிற்று. அவரது வாழ்க்கையைப் புகழ்ந்து பேசுவோர் இவ்விரு செய்திகளையும் ஒருசேர வைத்துப் பேசுவது அரிது.

அவருடைய பிற்கால வாழ்வு பற்றிய குறிப்புகள் சிலவே எனினும் அவை ஒரு தனித்த ஆளுமையைப் புலப்படுத்துகின்றன. சுவர்க்கத்துக்குரியவர் என மக்கள் தம்மைச் சுட்டியபொழுது, அறியாத ஒன்றை எவரும் கூறலாகாது என்று அவர் மறுத்துள்ளார். வசதி படைத்திருந்தும் விறகுக் கட்டைச் சுமந்து சந்தையினூடாகச் சென்றார் என்றும், செருக்கை அடக்கவே அவ்வாறு செய்ததாகக் கூறினார் என்றும் ஒரு மரபுச் செய்தி உண்டு. மூன்றாவது கலீபா உதுமானின் இல்லம் 656 இல் முற்றுகையிடப்பட்டபொழுது, அவரைக் கொல்வது நீங்காப் பிளவுக்கு வழிகோலும் என்று முற்றுகையிட்டோரை எச்சரித்தவர்களுள் அவரும் ஒருவர்.

இவை எல்லாவற்றினும் நம் கருத்தை ஈர்ப்பது வட்டி பற்றிய அவரது கூற்று. அபூ புர்தா என்பவர் மதீனா வந்து இப்னு சலாமைச் சந்தித்த செய்தியைப் புகாரி பதிவுசெய்துள்ளார். விருந்தினருக்கு மாவும் பேரீச்சம்பழமும் உண்ணக் கொடுத்தபின் முதியவர் கூறியதன் சாரம் இது: நீர் வாழும் ஈராக் நாட்டில் வட்டி மலிந்துள்ளது, உம்மிடம் கடன்பட்டவன் ஒரு சுமை வைக்கோலோ வாற்கோதுமையோ கால்நடைத் தீவனமோ அன்பளிப்பாகத் தந்தாலும் பெற்றுக்கொள்ளாதீர், அது வட்டியே. வட்டி என்பது ஏட்டில் எழுதப்படும் விகிதம் மட்டுமன்று. கடன்பட்டவன் கடன் கொடுத்தவனுக்கு மனம் கோணாதிருக்கச் செய்யும் ஒவ்வொரு சிறு காணிக்கையும் அந்த உறவின் பகுதியே என்ற நுட்பமான புரிதல் இதிலுள்ளது. விதைநெல்லுக்குப் பட்ட கடனைச் சூடடிக்கும் களத்திலேயே அளந்து கொடுத்துவிட்டு வெறும் சாக்குடன் வீடு திரும்புவது எத்தகையது என்பதை அறிந்த வன்னிக் கமக்காரனுக்கு, பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய அந்த வைக்கோற் சுமைக்கு உரை வேண்டியதில்லை. இஸ்லாத்தின் எழுச்சியைச் சமவுடைமைப் புரட்சியாகச் சித்திரிக்க முற்பட்டோர் இருந்துள்ளனர். அது வரலாற்றுக்குப் புறம்பானது. சொத்துடைமையையோ அடிமை முறையையோ அது ஒழித்துவிடவில்லை. எனினும் கடன் என்னும் கருவியினால் மனிதனை மனிதன் கட்டிவைப்பதற்கு எதிரான ஒரு குரல் அந்த முதல் தலைமுறையினரிடையே உயிர்ப்புடன் இருந்தது என்பதற்கு இப்னு சலாமின் இக்கூற்று சான்று.

இனி, இம்மனிதர் நூலான கதைக்கு வருவோம். அவர் பெயரால் வழங்கும் 'மசாயில்' என்னும் வினாவிடை நூல் பிற்காலத்தில் அரபியில் உருவாகி வளர்ந்தது. மூன்று வினாக்கள் நூற்றுக்கணக்காகப் பெருகின. வானம், பூமி, ஆதாம், ஏவாள், சுவர்க்கம், நரகம் ஆகியன பற்றியும், ஒன்று என்பது யாது, இரண்டு என்பது யாது என விடுகதை வடிவிலும் வினாக்கள் தொடுக்கப்பட்டன. ஒரே ஒருமுறை மட்டும் வெயில் பட்ட நிலம் எது என்ற வினா அவற்றுள் ஒன்று. மோசேக்காகப் பிளந்த கடலின் அடித்தளம் என்பது விடை. விடை கூறப்படுந்தோறும் உண்மையே கூறினீர் என்று வினவியவர் ஒப்புகிறார்.

இந்நூல் பயணம் செய்த தொலைவு வியப்புக்குரியது. 1143 இல் ஸ்பானியாவில் கரிந்தியாவின் ஹெர்மன் அதனை இலத்தீனில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பிக்கத் தூண்டிய குளுனி மடத்தலைவர் பீற்றரின் நோக்கம் இஸ்லாத்தை மறுப்பதாகும். 1543 இல் பாசல் நகரில் பிப்லியாண்டர் அதனை அச்சேற்றினார். கிழக்கே பாரசீகம், தமிழ், மலாய், ஜாவானிய மொழிகளில் அதே நூல் இஸ்லாத்தைக் கற்பிக்கப் பயன்பட்டது. இந்தக் கிழக்குப் பயணத்தை ரொனிற் ரிச்சி 2011 இல் வெளியிட்ட ஒப்பாய்வு விரிவாக ஆராய்ந்துள்ளது. ஒரே நூல் ஒரு முனையில் மறுப்புக்குரிய சான்றாகவும் மறுமுனையில் போதனைக்குரிய பாடமாகவும் தொழிற்பட்டது. நூலின் பொருளை நூல் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தமிழில் அது தோன்றிய பகைப்புலம் யாது? பதினாறாம் நூற்றாண்டில் மன்னார்க் குடாக்கடலின் இரு கரைகளும் கொந்தளித்துக்கொண்டிருந்தன. முத்துக்குளிப்பும் கடல்வாணிபமும் யார் வசம் இருப்பது என்பதே போட்டியின் உள்ளடக்கம். முத்துக்குளித்துறைப் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் இடையே மூண்ட பூசலில் பரதவர் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடினர். 1535 க்கும் 1537 க்கும் இடையில் அவர்கள் பெருந்தொகையாகக் கத்தோலிக்கராயினர். 1538 இல் வேதாளையில் மரைக்காயர் கடற்படையைப் போர்த்துக்கேயர் முறியடித்தனர். இக்கரையில், 1544 இல், மன்னாரில் மதம் மாறியோர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். 1560 இல் மன்னார் போர்த்துக்கேயர் வசமாயிற்று. வன்னியின் மேற்கு வாயிலில் நிகழ்ந்தவை இவை. எவர் எந்தச் சமயத்தைத் தழுவினார் என்பது அக்காலத்தில் எவர் எந்த வணிக வலையமைப்பின் காப்பைப் பெற்றார் என்பதாகவும் இருந்தது.

இப்பின்னணியில் இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து நோக்குதல் பயன்தரும். 1572 இல் ஆயிரமசலா மதுரையில் அரங்கேறுகிறது. 1578 இல் அன்றீக்கே அன்றீக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாகிறது. மறு ஆண்டு வினாவிடை வடிவிலான 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவருகிறது. ஏழு ஆண்டு இடைவெளியில், ஒரே கடற்கரை மக்களை மனத்திற்கொண்டு, இரு சமயங்களும் தமிழில் வினாவும் விடையுமாகப் பேசத் தொடங்கியுள்ளன. ஒன்று அச்சு இயந்திரத்தைத் துணைக்கொண்டது. மற்றையது செய்யுளையும் அரங்கேற்ற மரபையும் துணைக்கொண்டது. ஒன்றன் செல்வாக்கினால் மற்றது பிறந்தது என்று நான் கூறவரவில்லை. புதிதாகச் சமயம் மாறியோரையும் மாறக்கூடியோரையும் தம் பக்கம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டிய தேவை இரு தரப்பாருக்கும் ஒரே காலத்தில் எழுந்தது. வினாவிடை அத்தேவைக்கு ஏற்ற வடிவமாயிற்று.

ஆயினும் வேறுபாடொன்று உண்டு. கிறித்தவ வினாவிடையில் வினவுபவர் ஆசிரியர். மாணவன் மனனம் செய்த விடையைக் கூறுகிறான். ஆயிரமசலாவில் வினவுபவர் வெளியிலிருந்து வந்த அறிஞர். தமது வேத அறிவை அளவுகோலாகக் கொண்டு அவர் சோதிக்கிறார். யூதர் என்போரை நேரில் அறியாத மதுரைத் தமிழ் அவையினருக்கு அந்த இருக்கை யாருடையதாகத் தோன்றியிருக்கும்? கற்றவர்களும் ஐயமுடையவர்களுமாகிய அவர்களுடைய இருக்கையாகவே தோன்றியிருத்தல் கூடும். முஸ்லிம் புலவர் தம் சமயத்தைத் தமிழ்ப் புலமையின் முன் விசாரணைக்கு நிறுத்துகிறார். வினவும் உரிமையை அவைக்கே அளித்துவிடுகிறார். இப்னு சலாம் தமது பழைய கல்வியைத் துறந்து வரவில்லை. அதனைக் கொண்டே புதியதை அளந்தார். அவ்வாறே தமிழ்ச் செய்யுள் மரபைத் துறவாமல் இஸ்லாத்தைப் பேச முடியும் என்பதை நூலின் வடிவமே நிறுவுகிறது. கவித்துவத்தில் ஆயிரமசலா பின்வந்த சீறாப்புராணத்துக்கு நிகராகாது என்பது உண்மை. ஆனால் உமறுப்புலவர் நடந்த பாதையின் முதலடி மதுரையில் அன்று எடுத்துவைக்கப்பட்டது.

இந்த மாற்றத்தில் கழிந்துபோனது யாது? வினாவும் விடையும் முதன்மை பெற்றபின், மறைவில் நின்று தம்மவரின் தீர்ப்புக்குக் காத்திருந்த மனிதர் பின்னுக்குத் தள்ளப்பட்டார். வெற்றிகரமான உரையாடலாக அவரது வாழ்வு சுருங்கியது. சமயம் மாறியோர் பலரைக் கொண்ட ஒரு சமூகத்துக்குப் பிரிவின் வலியை நினைவூட்டும் நூலினும் ஐயந்தெளிவிக்கும் நூலே தேவைப்பட்டது போலும்.

தமிழ் இலக்கிய வரலாறு எழுதியோர் இந்நூலை நடத்திய விதம் தனியே ஆராயத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்ற தமிழ்ப் பிரக்ஞை, குறிப்பாக ஈழத்தில், பெருமளவுக்குச் சைவ உயர்குழாத்தின் கருத்துநிலையாகவே அமைந்தது. அதில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் ஓர் இறுதி அத்தியாயமாக, சில வேளைகளில் ஓர் அடிக்குறிப்பாக நின்றது. 1950களின் தொடக்கத்தில் எம். எம். உவைஸ் இத்துறையை முறையான ஆய்வுக்குரியதாக்கிய பின்னரே நிலைமை ஓரளவு மாறியது.

இந்தப் புறக்கணிப்புடன் ஒரு முரண்பாடும் கூடவே நடந்தது. இலக்கியத்தில் அடிக்குறிப்பாக இருந்த முஸ்லிம்கள் அரசியலில் சில வேளைகளில் நம்மவர் ஆயினர். சட்டசபைப் பிரதிநிதித்துவம் விவாதிக்கப்பட்ட 1880களில், சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டார். 1888 இல் அது ஆய்வுக்கட்டுரையாகவும் வெளிப்பட்டது. தமிழருக்கென இருந்த ஆசனத்துக்கு அப்பால் முஸ்லிம்களுக்கெனத் தனி ஆசனம் தேவையில்லை என்பதே அந்த ஆய்வின் அரசியல் விளைபொருள். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். 1915 இல் முஸ்லிம்கள் தாக்கப்பட்ட கலவரத்தின் பின்னர், சிறையிடப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காகவே இராமநாதனின் குரல் ஓங்கி ஒலித்தது. மறைவில் நின்ற இப்னு சலாம் கேட்ட இரு தீர்ப்புகளும் இலங்கை முஸ்லிம்களின் செவியில் இவ்வாறு மீண்டும் விழுந்தன.

1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் தமது ஆணையால் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் ஆகிய ஊர்களின் முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். ஊரின் பெயரிலேயே ஹிஜ்ரத்தைக் கொண்டிருந்தோர் மெய்யாகவே ஹிஜ்ரத் செய்ய நேர்ந்தது. அவர்கள் பேசியது வன்னித் தமிழ். விதைத்தது அதே குளங்களின் நீரில். அந்த நாட்களில் தமிழ் அறிவுலகிலிருந்து எழுந்த கண்டனக் குரல்கள் மிகச் சிலவே. வன்னியின் வரலாறு என்றதும் பண்டாரவன்னியனையும் வற்றாப்பளைக் கண்ணகியையும் மட்டும் நினைக்கப் பழகிய ஒரு பண்பாட்டுப் பிரக்ஞைக்கு, வெளியேறியோர் எடுத்துச்சென்ற தமிழ் எத்தகையது என்று கேட்கத் தோன்றவில்லை. ஆயிரமசலாவை எழுதிய சமூகம் தமிழ் இலக்கிய வரலாற்றின் உட்புறத்தில் நிற்கிறது என்று நாம் கற்பித்திருந்தால் வெளியேற்றம் நிகழ்ந்திராது என்று வாதிடுவது பேதைமை. துப்பாக்கிகள் பாடத்திட்டங்களைப் படிப்பதில்லை. ஆனால் அந்த மௌனம் அவ்வளவு இயல்பாக வந்து வாய்த்தமைக்கும் நம் இலக்கிய வரலாறுகளின் அத்தியாயப் பகுப்புகளுக்கும் தொடர்பில்லை என்று எவரும் கூற இயலாது.

பெரும்பாலானோர் புத்தளத்தை அடைந்து ஏறத்தாழ இரு தசாப்தங்கள் அங்கு வாழ்ந்தனர். 2009 இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பினர். பிள்ளைகளாகச் சென்றோர் பெற்றோராக வந்தனர். காணிகளில் காடு மூடியிருந்தது. சில இடங்களில் எல்லைக்கற்களையும் உறுதிகளையும் பற்றிப் பிணக்குகள் எழுந்தன. வேறு பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டனர்.